அரசு கொடுத்த கிரைண்டர், மிக்ஸி, மடிக்கணினி: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

திருமங்கலத்தில் எங்கள் வீட்டு இட்லிக்கு இன்றும் ஜெயலலிதாதான் மாவு அரைக்கிறார். 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த கிரைண்டரைச் சொல்கிறேன். அதிலிருந்த படம் பாதி அழிந்துவிட்டது. கல் அப்படியே இருக்கிறது. பெல்ட் மட்டும் மாற்றினோம். நான்கு பேருக்குத் தாராளம். விருந்தாளிகள் வந்தால் இரண்டு முறை அரைக்க வேண்டும்.

மிக்ஸிக்கு அவ்வளவு உறுதி கிடையாது. காய்ந்த மஞ்சளைப் போட்டால் முனகும். ஜாருக்கு அடியிலுள்ள கப்ளரின் பல் தேய்ந்ததும் மோட்டார் மட்டும் சுற்றும், பிளேடு நகராது. ஆனாலும் ஒரு வசதி உண்டு. அரசு இவற்றை லட்சக்கணக்கில் வாங்கி வீடுவீடாகக் கொடுத்ததால், கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் “அம்மா மிக்ஸிக்கா?” என்று கேட்டுக்கொண்டே கப்ளரை எடுத்து நீட்டுகிறார். காசு கொடுத்து வாங்கிய எங்கள் இன்னொரு மிக்ஸிக்கு மதுரை டவுன்ஹால் ரோடு வரை அலைந்தும் ஜார் கிடைக்கவில்லை. ஆட்சிகள் மாறிய பின்னும் கடையில் தொங்கும் அந்தக் கப்ளரைத்தான், எந்தச் சிலையையும்விட, ஒரு தலைவர் விட்டுப்போன தடயமாக நான் நினைக்கிறேன்.

தம்பிக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினியைத் திறந்தால் எந்த இயங்குதளம் வேண்டும், விண்டோஸா, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸா என்று கேட்கும். முதலில் விளையாட்டுக்காக விண்டோஸ். வைரஸ் புகுந்து அது படுத்த பிறகு வேறு வழியின்றி லினக்ஸ். இன்று அவன் சம்பாதிப்பதே அந்த லினக்ஸை வைத்துத்தான். மூடியிலிருந்த முதல்வர் படத்தின் மேல் கல்லூரி நாட்களில் ஒரு நடிகரின் ஸ்டிக்கரை ஒட்டினான். நடிகர் உரிந்துவிட்டார், கீழே அம்மா மறுபடி சிரிக்கிறார். பேட்டரி போய்விட்டது, மின்சாரம் இருந்தால் ஓடும்.

இவற்றுக்கெல்லாம் முன்பு வந்தது கருணாநிதி ஆட்சியின் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. எங்களுக்கு அது ‘கலைஞர் டிவி’. 2007-இல் அதே பெயரில் ஒரு சேனலும் வந்ததால், கலைஞர் டிவியில் கலைஞர் டிவி பார்த்தோம். பிக்சர் டியூப் போனதும் பழைய இரும்புக்காரர் எடுத்துச் சென்றார்.

தேதியையும் சொல்லியாக வேண்டும். 2006-இல் தொலைக்காட்சி, 2011-இல் மடிக்கணினியும் மிக்ஸியும் என எல்லாம் தொடங்கியது செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில். 2022-இல் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும், அடுத்த ஆண்டு 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதும் அதே நாள்தான். இரு கழகங்களுக்கும் நாட்காட்டி ஒன்றே.

மின்விசிறியைப் பற்றிக் கேட்காதீர்கள். மதுரைச் சித்திரை வெயிலில் அது அனலைத்தான் நம் பக்கம் திருப்பிவிடுகிறது.