நியூகாமனா, வாட்டா? 1780-ல் எந்த எஞ்சினை வாங்கியிருப்பீர்கள்?

நீராவி எஞ்சின் என்றாலே ஜேம்ஸ் வாட் என்றுதான் படித்தோம். ஆனால் வாட் பிறப்பதற்கு முன்பே, 1712-ல், தாமஸ் நியூகாமனின் எஞ்சின் இங்கிலாந்தின் டட்லி அருகே நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. 1780-ல் சுரங்கம் வைத்திருந்தவருக்கு இரண்டுமே கிடைத்தன. எதை வாங்குவது?

எரிபொருள்
நியூகாமன்: யானையைக் கட்டித் தீனி போடும் கதை. நீராவியைக் குளிர்விக்க, பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டருக்குள்ளேயே தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் ஆறும், மறுபடி சூடேற வேண்டும். கரியில் பெரும்பகுதி இந்த வெட்டிவேலைக்கே போய்விடும்.
வாட்: நீராவியைத் தனிக் கலனுக்கு இழுத்து அங்கே குளிர்வித்தார் (காப்புரிமை 1769). சிலிண்டர் சூடாகவே இருக்கும். பழைய எஞ்சின் தின்றதில் பாதிக்கும் குறைவான கரி போதும்.

செலவு
நியூகாமன்: காப்புரிமை 1733-லேயே முடிந்துவிட்டது. கட்டினால் உங்களுடையது.
வாட்: மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைப் வாட்டும் அவருடைய கூட்டாளி போல்டனும் நடத்திய போல்டன்–வாட் நிறுவனத்துக்குக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலின் சுரங்க முதலாளிகள் பொருமினார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. (எனக்கென்னவோ நியாயமான பேரமாகத்தான் படுகிறது.)

தயாரிப்பு
நியூகாமன்: சிலிண்டர் கொஞ்சம் கோணலானாலும் ஓடும்.
வாட்: ஓடாது. சிலிண்டரின் உட்புறத்தைத் துல்லியமாகக் கடைய, இரும்புத் தொழிலதிபர் ஜான் வில்கின்சனின் துளைப்பு இயந்திரம் வந்த பிறகே கைகூடியது.

கார்ன்வாலில் செம்புச் சுரங்கமா? யோசிக்காமல் வாட். அங்கே நிலக்கரி கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். நிலக்கரிச் சுரங்கமே என்றால் நியூகாமன் போதும். விலைபோகாத தூள்கரி வாசலிலேயே குவிந்து கிடக்கிறதே!