ஆன்லைன் ரோல்பிளே குழுவுக்கு விதிகள்: ஐந்து வருடம் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

ஐந்து வருடமாக ஒரே குழுவோடு, வாரம் ஒரு முறை, ஆன்லைனில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிவருகிறேன். மொத்தம் ஆறு பேர். எல்லோரும் சேர்ந்து வாயாலேயே ஒரு கதையை நடத்தும் ஆட்டம் இது. ஒருவர் கேம் மாஸ்டர், கதையையும் எதிரிகளையும் நடத்துபவர். மற்ற ஐந்து பேரும் பிளேயர்கள், ஆளுக்கொரு கேரக்டராக ஆடுபவர்கள். ஒரு செயல் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். முதல் மூன்று வருடம் கேம் மாஸ்டராக இருந்தது நான். அப்புறம் அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பிளேயர் ஆனேன். மூன்று நேர மண்டலங்களில் பிரிந்து கிடக்கிறோம். பேசுவது டிஸ்கார்டில், வரைபடமும் பகடையும் ரோல்20-யில். அந்தக் கருவிகளைப் பற்றி எழுதப்போவதில்லை. எங்களுக்குள் நாங்களே எழுதிக்கொண்ட விதித்தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு கட்டத்தில் அதில் 26 விதிகள் இருந்தன. இப்போது ஒன்பது.

தொடங்கும்போது விதியே கிடையாது. எல்லோரும் பழகியவர்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். ஏழாவது வாரம் அது உடைந்தது. காட்டில் முகாமிட்டிருந்த ஓர் இரவில், திருடன் கேரக்டரை ஆடியவர், தூங்கிக்கொண்டிருந்த வீரனின் மந்திர வாளைத் திருடினார். பகடையும் அவருக்குச் சாதகமாக விழுந்தது. "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்றார். நாங்கள் நான்கு பேர் சிரித்தோம். வாளை இழந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, மைக்கை அணைத்துவிட்டார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் கதையை நகர்த்தினேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துக் குழுவை விட்டே போனார். போகும்போது எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: வாள் போனது வலிக்கவில்லை, எல்லோரும் சிரித்தபோது யாருமே தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் வலித்தது என்று.

ஒரே மேசையில் உட்கார்ந்து ஆடியிருந்தால் அவர் முகம் மாறியதைப் பார்த்திருப்பேன். ஆன்லைனில் முகம் தெரியாது, மூச்சுச் சத்தம் கூடக் கேட்காது. ஆன்லைன் குழுவுக்கு விதி எழுதுவது என்றால், முகம் செய்யும் வேலையை வேறு எதையாவது செய்யவைப்பது. இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

ஏனென்றால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் எதிர்த் திசையில் ஓடினேன். நான்கு பக்கம், 26 விதிகள். தாமதமாக வந்தால் அனுபவப் புள்ளி (கேரக்டர் வளரச் சேரும் புள்ளி) வெட்டு, கேமரா கட்டாயம், ஆட்டத்துக்கு நடுவில் வேறு பேச்சு கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லோரும் 'படித்தேன், சம்மதம்' என்று பதில் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து, அதில் ஏதாவது ஐந்து விதியைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். ஒருவராலும் முடியவில்லை. புள்ளி வெட்டுதான் அதில் மிக மோசம். பத்து நிமிடம் தாமதமானவர் 'எப்படியும் வெட்டு விழப்போகிறது' என்று அன்று வராமலே இருந்துவிட்டார். கேமரா விதியால் ஒருவர் ஒவ்வொரு வாரமும் சங்கடப்பட்டார். வீட்டில் தனி அறை இல்லாதவருக்கு அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டையும் எடுத்தோம்.

அதன் பிறகுதான் செஷன் ஜீரோவை முறையாக நடத்தினோம். ஆட்டம் தொடங்கும் முன், பகடையைத் தொடாமல், எப்படி ஆடப்போகிறோம் என்று பேசுவதற்காக மட்டும் கூடும் நாள் அது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அதிகாரப்பூர்வ விதிப் புத்தகம் ஒன்றிலேயே 2020-ல் இதற்கென ஒரு பகுதி வந்துவிட்டது. கதையின் தொனி, கேரக்டர்கள் எவ்வளவு எளிதில் சாகலாம், எத்தனை மணிக்கு முடிப்பது என்று எல்லாமே அன்று முடிவாக வேண்டும்.

அதில் எங்களுக்கு மிகவும் உதவியது கோடும் திரையும். 2003-ல் ரான் எட்வர்ட்ஸ் என்ற கேம் வடிவமைப்பாளர் எழுதிய யோசனை இது. கோடு என்றால் அந்த விஷயம் கதைக்குள் வரவே கூடாது. திரை என்றால் அது கதையில் நடக்கலாம், ஆனால் விவரிக்கக் கூடாது. திரை விழுந்து அடுத்த காட்சிக்குப் போய்விட வேண்டும். முதல் முறை இதை வாய்ஸ் சேனலில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். ஐந்து பேரும் "எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றார்கள். அடுத்த முறை தனித்தனியாக எழுதி அனுப்பச் சொன்னேன். ஐந்தில் நான்கு பேர் ஏதாவது எழுதியிருந்தார்கள். குழந்தைகளைத் துன்புறுத்தும் காட்சி வேண்டாம் என்றார் ஒருவர். சிலந்தியை நுணுக்கமாக வர்ணிக்க வேண்டாம் என்றார் இன்னொருவர். நீண்ட நாள் நோயில் கிடப்பவரின் காட்சி வந்தால் திரை போட்டுவிடுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். காரணம் கேட்கவில்லை. யார் எழுதியது என்ற பெயர் இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கிச் சேனலில் வைத்தேன். அன்றிலிருந்து, இந்த மாதிரிக் கேள்வியைப் பலர் முன்னால் கேட்பது கேட்காததற்குச் சமம் என்றே நினைக்கிறேன்.

எக்ஸ் கார்டு கதையும் கிட்டத்தட்ட இதேதான், ஆனால் சரியாக வர அதிக நாள் பிடித்தது. 2013-ல் ஜான் ஸ்டாவ்ரோபோலோஸ் என்பவர் கொண்டுவந்த கருவி அது. மேசை நடுவில் 'எக்ஸ்' என்று எழுதிய ஒரு அட்டை இருக்கும். காட்சி தாங்க முடியாமல் போனால் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம், விளக்கம் சொல்லத் தேவையில்லை. நாங்கள் அதை ஆன்லைனுக்கு மாற்றி, பொது சாட்டில் 'எக்ஸ்' என்று அடித்தால் போதும் என்று வைத்தோம். ஆறு மாதம் ஒருவரும் அடிக்கவில்லை. அதனால் எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். தனியாக விசாரித்தபோது, இரண்டு பேர் அடிக்க நினைத்தும் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எழுத்துக்குப் பக்கத்தில் அவர்கள் பெயர் வருமே.

சரி, கேம் மாஸ்டருக்குத் தனிச்செய்தியாக அனுப்பலாம் என்று மாற்றினோம். அதுவும் சரிப்படவில்லை. ஆட்டம் நடத்தும்போது எனக்கு வரைபடம், எதிரிகளின் உயிர்ப்புள்ளி, குறிப்புகள் என்று மூன்று ஜன்னல் திறந்திருக்கும். செய்தி வந்ததை இருபது நிமிடம் கழித்துப் பார்த்த நாளும் உண்டு. கடைசியில் ரோல்20 வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அட்டைப் படத்தை வைத்து, அதை எல்லாப் பிளேயர்களும் நகர்த்தலாம் என்று அனுமதி கொடுத்தோம். யாராவது அதை நடுவுக்கு இழுத்தால் ஆறு பேர் கண்ணிலும் ஒரே நேரத்தில் படும், ஆனால் இழுத்தவர் யார் என்று தெரியாது. கேம் மாஸ்டர் "காட்சி மாறுகிறது" என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டும். நான்கு வருடத்தில் அந்த அட்டை ஏழு முறை நகர்ந்திருக்கிறது. அதில் ஒரு முறை நகர்த்தியது நான், கேம் மாஸ்டராக இருந்தபோதே.

நேரம் பற்றிய விதி சலிப்பானது. ஆனால் குழுக்கள் பெரும்பாலும் கலைவது சண்டையால் இல்லை, கிழமையும் நேரமும் ஒத்துவராமல்தான். எங்களில் சிலர் இருக்கும் இடங்களில் கடிகாரத்தை வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுவார்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் எல்லாக் கணக்கும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். முதல் மார்ச்சில் பாதிப் பேர் ஒரு மணி நேரம் முன்பே வந்து காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது விதி இதுதான்: நேரத்தை வாயால் சொல்லக் கூடாது, டிஸ்கார்டின் நேரக் குறியீட்டில்தான் போட வேண்டும். பார்ப்பவர் எங்கே இருந்தாலும் அது அவருடைய உள்ளூர் நேரத்தைக் காட்டும்.

வருகைக்கு: வரமுடியாவிட்டால் ஒரு நாள் முன்பே சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். கேம் மாஸ்டரும் மூன்று பிளேயர்களும் இருந்தால் ஆட்டம் நடக்கும். வராதவரின் கேரக்டர் சாகாது, அவருக்காக வேறு யாரும் பெரிய முடிவு எடுக்க மாட்டார்கள். ஆள் குறைந்த வாரமும் அதே நேரத்தில் கூடுவோம், வேறு சின்ன ஆட்டம் ஏதாவது ஆடுவோம், இல்லாவிட்டால் பேசிக்கொண்டிருப்போம். அந்த நேரத்தை ஒரு முறை காலியாக விட்டால் அது வேறு வேலைக்குப் போய்விடும். எங்களுக்கு அப்படி ஒரு முறை நடந்து, மீண்டும் கூட இரண்டு மாதம் ஆனது.

பகடை எல்லாம் திறந்த சாட்டில் உருட்ட வேண்டும். முன்பு வீட்டில் கையால் உருட்டி எண்ணைச் சொன்னால் போதும் என்று இருந்தது. ஒருவருக்கு இருபது முகப் பகடையில் அடுத்தடுத்து மூன்று முறை 20 விழுந்தது. 8,000-ல் ஒரு வாய்ப்பு, ஆனால் நடக்கக்கூடியதுதான். அவர் பொய் சொல்லியிருப்பார் என்று நான் இன்றும் நம்பவில்லை. ஆனால் அன்று சேனலில் விழுந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. இந்த விதி யாரையும் கண்காணிக்க இல்லை, நல்ல அதிர்ஷ்டம் வந்தவரைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றத்தான். ஒலிப்பதிவுக்கும் ஒரு வரி விதி உண்டு: ஆறு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் பதிவு இல்லை.

செலவே இல்லாமல் அதிகப் பலன் தந்தது கேம் மாஸ்டருக்கான விதி. ஒவ்வொரு காட்சியிலும் ஒரு முறையாவது ஒவ்வொரு கேரக்டரையும் பெயர் சொல்லி "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்க வேண்டும். வாய்ஸ் சேனலில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் சத்தமாகப் பேசுபவர் ஜெயிப்பார். மெதுவாகப் பேசுபவர் நான்கு முறை முயன்றுவிட்டு விட்டுவிடுவார். இந்த விதி வந்த மூன்றாவது வாரத்தில், அதுவரை பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒரு நீதிமன்றக் காட்சி முழுவதையும் தாங்கிப் பேசினார். நாங்கள் அசந்துபோனோம்.

அப்புறம் அந்தத் திருட்டு. ஒரு பிளேயரின் கேரக்டர் இன்னொருவரின் கேரக்டருக்கு எதிராக ஏதாவது செய்ய நினைத்தால், பகடை உருட்டும் முன் எதிரில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். அவர் சம்மதித்தால், முடிவு என்ன என்பதையும் அவரே தீர்மானிப்பார். ஆட்டத்தின் பரபரப்பு போய்விடும் என்று பயந்தேன். இரண்டு வருடம் கழித்து அதே திருடன் இன்னொரு கேரக்டரின் தாயத்தைத் திருட விரும்பினான். தாயத்துக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எடுத்துக்கொள், ஆனால் நான் விழித்துத்தான் இருக்கிறேன், பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன்" என்றார். அதிலிருந்து பிறந்த கதை ஐந்து மாதம் ஓடியது. நாங்கள் ஆடியதிலேயே சிறந்த பகுதி அதுதான் என்று நான் சொல்வேன்.

விதியை மீறினால் என்ன செய்வது என்பதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். மூன்றாம் வருடம் சேர்ந்த ஒருவர் பட்டியலில் 'கோடு' என்று இருந்த ஒரு விஷயத்தை விளையாட்டுக்கு என்று கதைக்குள் கொண்டுவந்தார். தனியாகச் சொன்னேன், சரி என்றார். மறுபடியும் செய்தார். முகம் கோணாமல் எப்படிச் சொல்வது என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அந்தக் கோடு வேண்டும் என்று எழுதியவர் அந்த மூன்று வாரமும் பாதி ஆட்டத்தில் 'நெட் சரியில்லை' என்று கிளம்பிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். இப்போது முதல் முறை என்றால் இரண்டு நாளுக்குள் தனியாகப் பேச வேண்டும். இரண்டாம் முறை என்றால் அவர் விலக வேண்டும். அந்த முடிவைக் கேம் மாஸ்டரும் இன்னொரு பிளேயரும் சேர்ந்து எடுப்பார்கள். ஒருவர் தலையில் மட்டும் போட்டால் அவர் தள்ளிப்போடத்தான் செய்வார்.

பத்து செஷனுக்கு ஒரு முறை, ஆட்டம் தொடங்கும் முன் பதினைந்து நிமிடம் விதித்தாளைத் திறக்கிறோம். யாருக்கும் நினைவில் இல்லாத விதி அந்த இடத்திலேயே நீக்கப்படும். 26 ஒன்பதாகக் குறைந்தது இப்படித்தான். எங்களுக்கு இன்னும் சரியாகப் பிடிபடாதது, நடுவில் சேருபவரை இதற்குள் கொண்டுவருவது. மற்றவர்களுக்கு ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு முகம் நினைவுக்கு வரும். புதியவருக்கு அது ஒன்பது வரி, அவ்வளவுதான். அதனால் சேர்ந்த முதல் மாதம் முடிந்ததும் புதியவரும் ஒரு விதி எழுதலாம் என்று வைத்திருக்கிறோம். கடைசியாகச் சேர்ந்தவர் எழுதியதுதான் இப்போதைய ஒன்பதாவது விதி: கேரக்டர் ஒன்று செத்தால், அடுத்த காட்சிக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் எல்லோரும் மைக்கைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். போன மாதம் என் கேரக்டர் செத்தபோது அந்த ஐந்து நிமிடம் இருபது நிமிடமாக நீண்டது.