துருக்கி ஜெஸ்வே: வாங்கும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள்

இஸ்தான்புல் கிராண்ட் பஜாரில் கடைக்குக் கடை தொங்கும், துருக்கிக் காபி போடுகிற நீளக் கைப்பிடிச் செம்புப் பாத்திரம்தான் ஜெஸ்வே. நினைவுப்பொருள் என்று விற்பதில் நிறைய, ஷோகேஸுக்குத்தான் லாயக்கு.

உள்பக்கம் வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். அங்கேயும் செம்பு நிறம் தெரிந்தால் அதில் காபி போடாதீர்கள். காபியின் புளிப்பு செம்பை அரிக்கும். வெளியே கண்ணாடியாய் மின்னினால் வார்னிஷாக இருக்கலாம், அடுப்பில் கருகி நாறும். விளிம்பை அழுத்தினால் வளைகிற மெல்லிய தகடு வேண்டாம், 1.5 மி.மீ. இருந்தால் சூடு சீராகப் பரவும். துருக்கியின் தென்கிழக்கில் உள்ள காஸியான்தெப் நகரத்துப் பக்கம் போகிறவர்கள் அங்குள்ள செம்புக் கடைத்தெருவிலேயே வாங்கலாம்.

அளவு முக்கியம். ஒருவருக்குப் பெரிய ஜெஸ்வே வாங்கினால் நுரை கட்டாது. 70 மி.லி. குளிர்ந்த நீருக்கு 7 கிராம் தூள். மாவாக அரைத்திருக்க வேண்டும். நம் பில்டர் தூள் சரிவராது, சிக்கரி கலந்தது வேண்டவே வேண்டாம். சர்க்கரையை முதலிலேயே போட்டுக் கலக்கி, சிறு தீயில் வைத்து, நுரை விளிம்புக்கு ஏறும்போதே இறக்குங்கள். தளதளவென்று கொதித்தால் நுரை போச்சு.

இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. வெறும் பாத்திரத்தைத் தீயில் விட்டால் 232 டிகிரியில் வெள்ளீயம் உருகிவிடும். புளி போட்டுத் தேய்ப்பது வெளிப்பக்கத்துக்கு மட்டும். உள்ளே ஸ்டீல் நார் படக்கூடாது. பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால், நம்மூரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரிடமே கொடுக்கலாம். சுத்த வெள்ளீயம்தானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.