ஆர்.ஏ. ஃபேக்டரா, ஆன்டி சிசிபியா? முடக்குவாதத்தின் போக்கைச் சொல்வது எது?

மன்னார்குடிப் பக்கம் நடவுக்குப் போகும் என் சித்திக்கு, விடியற்காலையில் நாற்றுமுடியைப் பிரிக்கவே விரல் மடங்காது. பத்து மணிக்கு மேல்தான் கை இளகும். முதலில் எடுத்தது முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை மட்டும். "நெகட்டிவ், வாதம் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் வலி மாத்திரையிலேயே போனது. பிறகு அதே நோய்க்கான இன்னொரு ரத்தப் பரிசோதனை, ஆன்டி சிசிபி எடுத்தால், அளவு இருக்க வேண்டிய எல்லையைவிடப் பல மடங்கு. அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

ஆர்.ஏ. ஃபேக்டர் 1940-லேயே கண்டறியப்பட்டது, செலவு குறைவு. நோய் உள்ள 100 பேரில் சுமார் 70 பேருக்குப் பாசிட்டிவ் காட்டும். சிசிபியும் ஏறக்குறைய அவ்வளவு பேரைத்தான் பிடிக்கும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் தொற்று வந்தவர்களுக்கும், நோயே இல்லாத சில முதியவர்களுக்கும்கூட ஆர்.ஏ. பாசிட்டிவ் வரும். சிசிபி அப்படிச் சுலபமாக ஏமாறாது: நோய் இல்லாத 100 பேரில் 95 பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும், ஆர்.ஏ. 85 பேருக்கு. வலி தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே சிசிபி ரத்தத்தில் தென்படுவதும் உண்டு. அளவு அதிகமாக இருந்தால் எலும்பு அரிக்கும் வாய்ப்பும் அதிகம். இரண்டுமே உயர்ந்திருந்தால் மருந்தைத் தள்ளிப்போடவே கூடாது.

ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் வேறு வகை. வீக்கம் இன்று எவ்வளவு எரிகிறது என்பதைத்தான் சொல்லும். ரத்தசோகை இருந்தாலே ஈஎஸ்ஆர் ஏறும். நம் வயல்வேலைப் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை இல்லை? அதனால் நான் சிஆர்பி பக்கம். சில மணி நேரத்தில் ஏறும், வீக்கம் அடங்கினால் சில நாளில் இறங்கும். மாதக்கணக்கில் இறங்காமலே இருந்தால் மூட்டு கெட்டுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

'ஆர்த்ரைடிஸ் பேக்கேஜ்' என்று யூரிக் ஆசிட், ஏஎஸ்ஓ சேர்த்துத் தருவார்கள். முன்னது கவுட் வாதத்துக்கு, பின்னது தொண்டைக் கிருமியால் வரும் ருமாட்டிக் காய்ச்சலுக்கு. இந்த நோயின் போக்கை இரண்டும் சொல்லாது.

கையில் காசு இருந்தால் ஆர்.ஏ.வும் சிசிபியும் சேர்த்து ஒரே தடவை எடுங்கள்; ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் சிசிபி. பாசிட்டிவ் வந்தபின் மூன்று மாதத்துக்கொரு முறை அதையே திரும்ப எடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் சிஆர்பியும், மெத்தோட்ரெக்ஸேட் என்ற முடக்குவாத மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல் பரிசோதனையும் ரத்த அணு எண்ணிக்கையும் பாருங்கள். எல்லாமே நெகட்டிவ் ஆகியும் விரல் கணு வீங்கி, அழுத்தினால் வலித்தால், ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு வாதநோய் நிபுணரிடம் கையைக் காட்டுங்கள்.