சட்டக் கல்லூரியில் எந்த மாணவர் குழு: நம்மவர் வட்டமா, பொதுக் குழுவா?

சென்னையில் சட்டம் படிக்க வரும் முதல் தலைமுறை மாணவர் முன் இரண்டு வழிகள் உண்டு: ஒரே பின்னணியிலிருந்து வந்தவர்கள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் வட்டம் ஒன்று; சாதி, பாலினம், மாற்றுத்திறன் என எல்லாவற்றையும் சேர்த்துப் பேசும், பேராசிரியர் பொறுப்பில் இயங்கும் பொதுக் குழு மற்றொன்று.

முதலாவதன் பலம் தயக்கம் கலைவதில் இருக்கிறது. தமிழ்வழியில் படித்துவந்த மாணவி ஒருவர், 'ரெஸ் ஜூடிகேட்டா' என்பதைத் தவறாக உச்சரித்துவிடுவோமோ என்று வகுப்பில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, மாலையில் மரத்தடியில், "ஒருமுறை தீர்ப்பாகி முடிந்த விஷயத்தை மறுபடி வழக்காக்க முடியாது, அதுதானே அக்கா?" என்று சீனியரிடம் கேட்டுத் தெளிந்ததை நான் பார்த்திருக்கிறேன். தம்புச்செட்டித் தெருவில் எந்த வழக்கறிஞரின் சேம்பரில் (அலுவலகத்தில்) ஜூனியருக்கு மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கிடைக்கும் என்பதும் இங்கேதான் தெரியவரும். குடும்பத்தில் வழக்கறிஞர் இல்லாதவருக்கு இது சின்ன உதவியல்ல.

பொதுக் குழுவின் பலம் வேறு. பாகுபாடு நேரும்போது நட்பு வட்டத்தால் பெரும்பாலும் ஆறுதல்தான் சொல்ல முடியும்; பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிமுறைகள் குறிப்பிடும் சமவாய்ப்புப் பிரிவோடு இணைந்து செயல்படும் குழுவோ, புகாரை எழுத்துவடிவில் நிர்வாகத்தின் மேசைக்கே கொண்டுசெல்லலாம். ஆனால் அதன் கூட்டங்களில் ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்களின் குரலே ஓங்கிவிடுகிறது.

ஆகவே முதலாண்டில் வட்டத்தையும், பேச்சில் துணிவு வந்தபின் அதை விட்டுவிடாமல் பொதுக் குழுவையும் சேர்த்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.