பாலக்காட்டு வக்கீல் அலுவலகமும் தங்கை வீட்டுக்காரரின் பி.எஃப். கணக்கும்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் தங்கையின் விவாகரத்துக்காகப் பாலக்காட்டில் ஒரு குடும்ப வழக்கு வக்கீல் அலுவலகத்திற்கு ஏழு மாதங்களாகச் சென்று வருகிறோம். அவள் கணவர் வாளையாறு தாண்டிக் கோவையில் 22 ஆண்டுகளாகத் தனியார் வேலையில் இருப்பவர். சொல்லிக்கொள்ளும்படியான சேமிப்பு அவருடைய பி.எஃப். ஒன்றுதான். முன்பு பார்த்த வக்கீல், அதில் பாதி உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்.

இங்கே முதல் நாளே வக்கீலம்மா அதை மறுத்தார். மணவாழ்க்கையில் சேர்ந்ததைச் சரிபாதியாகப் பிரிக்கும் சட்டம் கோவாவைத் தவிர நம் நாட்டில் இல்லை என்றும், இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கும்போது கணவரின் வருமானம், சொத்து ஆகியவற்றோடு பி.எஃப். தொகையும் கணக்கில் வரும் என்றும் தமிழிலேயே விளக்கினார். உச்ச நீதிமன்றம் 2020-இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் வகுத்த சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தைக் கணவர் தரப்பிடம் வற்புறுத்திக் கேட்ட பிறகே அவருடைய பி.எஃப். பாஸ்புக் எங்கள் கண்ணில் பட்டது.

ஜூனியர் பெண் அதில் ஓய்வூதியத்துக்கென்று பிடிக்கும் பங்கைக் காட்டும் மூன்றாவது நெடுவரிசையைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். இப்போது மாதம் 1,250 ரூபாய் சேரும் அந்த ஓய்வூதியப் பங்கு, பணி பத்தாண்டைக் கடந்துவிட்டதால் மொத்தமாகக் கைக்கு வராது; 58 வயதில் மாத ஓய்வூதியமாகவே வரும். விவாகரத்து ஆகிவிட்டால், கணவர் காலத்துக்குப் பின் மனைவிக்கு வரக்கூடிய ஓய்வூதியமும் தங்கைக்கு இல்லை. அந்த இழப்பையும் ஜீவனாம்சமாகக் கேட்கும் மொத்தத் தொகையில் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியே இருக்காது.

பிறகு சமரசப் பேச்சில், "ஓய்வு பெற்றதும் பி.எஃப். பணத்திலிருந்து தருகிறேன்" என்று கணவர் தரப்பு எழுதிக் கொடுத்ததை வக்கீலம்மா ஏற்கவில்லை. 1952-ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தின் 10-ஆம் பிரிவு அந்தப் பணத்தை ஜப்தியிலிருந்து காப்பதால், அதை நம்பி எழுதுவது ஆகாது என்று சொல்லி, பேசி முடித்த தொகையில் பாதி, இருவரும் சேர்ந்து பரஸ்பர சம்மத விவாகரத்து மனு போடும் அன்றும், மீதி இரண்டாம் முறை நீதிமன்றத்தில் நிற்கும் அன்றும் என எழுத வைத்தார்.

குறைகளும் உண்டு. குமாஸ்தா தொலைபேசியை எடுப்பதே அபூர்வம். ஒப்பந்த வரைவு மலையாளத்தில் வந்தது; தங்கைக்குப் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. தமிழில் படித்துச் சொல்லும்படி நாங்களாகவே கேட்க வேண்டியிருந்தது. நகலெடுத்த செலவைத் தனியாக வாங்கிக்கொள்கிறார்கள். ரசீதும் கேட்டால்தான் வருகிறது.