இறுதிப் போட்டி இரவில் ஓர் ஈஸ்ட் ஹாம் உணவகம்

2024 ஜூலை 14 அன்று பெர்லினில் இங்கிலாந்தும் ஸ்பெயினும் மோதிய யூரோ கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியைக் காண்பதற்காக, கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் பெருந்திரை அமைத்திருந்த ஒரு தமிழ் உணவகத்துக்குச் சென்றிருந்தேன். கொத்துரொட்டி சூடும் காரமும் குறையாமல் வந்தது. குறை திரையில்தான் இருந்தது. இணையவழி ஒளிபரப்பு அரை நிமிடம் பிந்தியதால், 73ஆம் நிமிடத்தில் இங்கிலாந்து வீரர் கோல் பால்மர் (Cole Palmer) ஆட்டத்தைச் சமன் செய்ததைத் தெருவின் கூச்சலே எங்களுக்கு முதலில் அறிவித்தது.

86ஆம் நிமிடத்தில் ஸ்பெயினின் ஒயார்சபல் அடித்த கோலால் இங்கிலாந்து 2-1 எனத் தோற்ற பிறகு, இந்த உணவகத்தின் உண்மையான சிறப்பு வெளிப்பட்டது. கடை மூடும் நேரம் நெருங்கியும் எவரையும் எழுப்பாமல், உரிமையாளர் பிளேன்டீ ஊற்றிக்கொண்டே விவாதத்தை நடக்கவிட்டார். இங்கிலாந்துப் பயிற்சியாளர் சவுத்கேட்டின் தயக்கமே காரணம் என்றார் ஒருவர். 61ஆம் நிமிடத்தில் மாற்றப்பட்ட அணித்தலைவர் கேனை, சோர்ந்திருந்தவரை, தொடக்கத்திலேயே இறக்கியது தவறு என்றார் மற்றொருவர். இங்கிலாந்தின் கெஹி தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டருகே ஸ்பெயினின் ஒல்மோ தடுத்திராவிட்டால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது என்பதை மட்டும் அனைவரும் ஒப்புக்கொண்டனர். என் கணிப்பில், காயத்தால் ஸ்பெயினின் நடுக்கள வீரர் ரோட்ரி இடைவேளையோடு விலகிய பின்னரும் இங்கிலாந்து நடுக்களத்தைக் கைப்பற்றாமல், 47ஆம் நிமிடத்திலேயே ஸ்பெயினின் வில்லியம்ஸ் முதல் கோலை அடிக்க இடம்கொடுத்ததுதான் பிழை.

உணவுக்காகவும் உபசரிப்புக்காகவும் தாராளமாகச் செல்லலாம். நேரலைக்காகச் செல்வோர் கைப்பேசியை அணைத்துவைத்து, சன்னலுக்குத் தொலைவில் அமர்வது நல்லது.